இருநூறு எண்ணும் வரை

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு ஆறு தெரியாது, குளம்தான் தெரியும். ஊரைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. இங்கே சொல்லப்போகிற சங்கதியில் கேலிக்குரியவன் நான் ஒருவன்தான். பாலாறு எங்களுக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்று பெயர். அந்தக் காலத்திலேயே வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது மணல்தான். மாட்டுவண்டி போகும், வெள்ளரிக்காய் விளையும், வெயில் தாழ்ந்தால் ஆட்கள் உட்கார்ந்து சீட்டாடுவார்கள். ஆற்றில் ஓடம் விடுவதென்றால் எப்படி என்று எங்கள் தெருவில் யாரையாவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

தண்ணீரில் ஏதாவது நகர்ந்து நாங்கள் பார்த்ததென்றால் அது தெப்பம்தான். கோயில் குளத்தில் பீப்பாய்களைக் கட்டி, மேலே பலகை போட்டு, மண்டபம் ஜோடித்து, சாமியை எழுந்தருளப் பண்ணுவார்கள். கரையிலிருந்து கயிறு பிடித்து இழுப்பார்கள். நாகஸ்வரம் போகிற நடையில்தான் தெப்பம் போக வேண்டும். கயிற்றுக்காரர்கள் கொஞ்சம் அவசரப்பட்டால் போதும், "மெதுவா, மெதுவா!" என்று படிக்கட்டு முழுக்கக் கத்தும். நானும் கத்தியிருக்கிறேன். தண்ணீரில் மெதுவாகப் போவது மரியாதை, வேகமாகப் போவது அபசாரம் என்பது எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்த விஷயம்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை அடித்து நொறுக்கியது. பாலாற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போயிற்று. ஆற்றின் குறுக்கே இருந்த தரைப்பாலம் நடுவில் உடைந்து, பெரிய பெரிய கல்லாகக் கீழே கிடந்தது. தை பிறந்தும் தண்ணீர் வற்றவில்லை. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. சுற்றுவட்டாரத்துக் கிராமங்களெல்லாம் தங்கள் தங்கள் சாமியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு வரும் நாள் அது. சாமிக்கு நீராட்டு, ஜனங்களுக்குக் கடைகண்ணி, ராட்டினம், கரும்பு. மற்ற வருஷங்களில் மணலில் நடந்தே இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வருவார்கள். அந்த வருஷம் அது முடியாது என்பதால் மூன்று நாளைக்கு ஓடம் விடுவதென்று முடிவாயிற்று.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அப்பா தறிக்காரர். எங்கள் தெருவில் தறிக்குழியில் கால் விடாமல் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. அதைவிடப் பெரிய திமிர் என் தமிழைப் பற்றியது. கோப்புகளில் தமிழ் நுழைந்துகொண்டிருந்த காலம். பழைய ஆட்களெல்லாம் இங்கிலீஷில் யோசித்துத் தமிழில் தடுமாறிக்கொண்டிருக்க, நான் மட்டும் ஒரே மூச்சில் ஓர் ஆணையை எழுதிவிடுவேன். எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பார்த்து எனக்கு நானே தலையாட்டிக்கொள்வேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

எங்கள் அதிகாரி ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "மூணு ஓடம் விடறோம். நடைக்கு இத்தனை காசுன்னு அவனுங்க ஒருத்தன ஒருத்தன் முந்திக்கினு ஓட்டுவானுங்க. ஓரத்துல புள்ளைங்க குளிக்கும். எவ்ளோ வேகத்துல போகணும்னு ஒரு கட்டுப்பாடு எழுதிக் குடுய்யா" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கரையோரம் முழங்கால் தண்ணீரில் பிள்ளைகள் விளையாடும்போது ஓடம் பாய்ந்து வந்தால் ஆபத்துதான்.

அன்று நான் செய்திருக்க வேண்டிய காரியம், ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்ப் பார்ப்பது. அதைச் செய்யவில்லை. தண்ணீர் எத்தனை அகலம் ஓடுகிறது என்று ஓவர்சீயரிடம் கேட்டேன். அவர் சொன்ன தூரத்தைத் தேரடி வீதியில் நடந்து பார்த்தேன். சாமி புறப்பாட்டில் நடப்பதுபோல நிதானமாக, எண்ணிக்கொண்டே நடந்தேன். இருநூறு வந்தது. திரும்பி வந்து எழுதினேன்:

"விழா நடைபெறும் மூன்று நாட்களிலும் ஓடங்கள் யாவும், ஒருவர் நடந்து செல்லும் வேகத்துக்கு மிகாமல், ஒரே சீராகச் செலுத்தப்படல் வேண்டும். ஒரு கரையினின்று புறப்பட்ட ஓடம், காவலர் இருநூறு எண்ணி முடிக்கும் முன் மறுகரை சேர்தல் ஆகாது. மீறுவோர் ஓடம் செலுத்தும் உரிமையை இழப்பர்."

'ஒரே சீராக' என்பதை அதிகாரி கேட்கவே இல்லை. வாக்கியம் காதுக்கு நிறைவாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது. அவர் படித்துவிட்டு, "பிரமாதம்யா" என்றார். தண்டோரா போட்டார்கள், இரண்டு கரையிலும் தட்டி எழுதி நிறுத்தினார்கள். திருவிழாவுக்கு நீயே கரையில் நின்று பார்த்துக்கொள் என்று எனக்கே உத்தரவும் வந்தது. விசில் ஒன்று கொடுத்தார்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக் கண்ணாடியில் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று ஓடங்களில் இரண்டு ஏரியில் மீன்பிடிக்கிறவர்களுடையவை. சின்னவை, எட்டுப் பேர் உட்காரலாம். மூன்றாவதுதான் ஆற்றுக்கென்றே இருந்த ஓடம், இருபது பேருக்கு மேல் ஏறலாம். அதன் சொந்தக்காரர் தென்கரைக் கிராமத்து ஆள், நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளம் வருகிற வருஷத்தில் ஓடம் தள்ளுவார், வராத வருஷத்தில் அதே ஆற்று மணலில் வெள்ளரி போடுவார். அதற்கு முன் மூன்று வருஷம் அவருடைய ஓடம் புளியமரத்தடியில் கவிழ்ந்தே கிடந்ததாம். அந்த மழைக்குத்தான் புரட்டிப்போட்டுத் தார் பூசி இறக்கியிருந்தார்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. தரைப்பாலத்தைத் திரும்பக் கட்டுகிறவரைக்கும் அந்தத் துறையில் ஓடம் விட ஒருவருக்கு நிரந்தரமாக பர்மிட் கொடுப்பதாகப் பேச்சு இருந்தது. திருவிழாவில் புகார் இல்லாமல் ஓட்டுகிறவருக்குத்தான் அது என்று எங்கள் அலுவலகத்தில் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் காலை என்னைப் பார்த்ததும் அவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டது அதைத்தான்.

"சார், அந்த பர்மிட்டு நம்முளுக்கு வந்துடும்ங்களா? பாலம் கட்ட எப்டியும் ரெண்டு வருசம் ஆவும்னு சொல்லிக்கினு இருக்குறாங்க."

"ஒழுங்கா ஓட்டு, பாக்கலாம்பா" என்றேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். 'நீ' என்றுதான் பேசினேன். அப்போது அது எனக்கு உறுத்தவில்லை.

முதல் நாள் கூட்டம் குறைவு. இரண்டாம் நாள்தான் சாமிகள் வந்து சேர்ந்தன. கரையில் நிற்கும் காவலர் உரக்க எண்ணுவார். ஜனங்களுக்கு அது பெரிய வேடிக்கையாகப் போயிற்று. ஓடத்தில் இருந்தவர்களும் கரையில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டு, ஏலம் போடுவதுபோல, "நூத்திப் பத்து! நூத்திப் பதினொண்ணு!" என்று கத்துவார்கள். மூன்று ஓடமும் சொல்லிவைத்தாற்போல இருநூறைத் தாண்டித்தான் கரை சேர்ந்தன. என் ஆணை ஆற்றையே கட்டுப்படுத்திவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

நடுப்பகலில்தான் கவனித்தேன். மூவரும் ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். இந்தக் கரையை விட்டு இருபதடி போய், ஆழமில்லாத இடத்தில் கழியை ஊன்றிச் சும்மா நிற்பார்கள். நூறு, நூற்றுப்பத்து எண்ணுகிற வரை பீடி பிடிப்பார்கள். அப்புறம் நடு ஆற்றில் துடுப்பைப் போட்டு ஒரே வீச்சாக வலித்து, அக்கரைக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி நின்று, மிச்சத்தை எண்ணிக் கரை ஏறுவார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் 'ஒரே சீராக' எங்கே? என் முகத்தில் கரியைப் பூசியதுபோல இருந்தது. என்னை முட்டாளாக்கிவிட்டு மூவரும் பீடி பிடிக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. விசிலை ஊதி மூவரையும் கரைக்குக் கூப்பிட்டேன்.

ஏரிக்காரர்கள் இரண்டு பேரும் தலையைச் சொறிந்தார்கள். ஆற்றுக்காரர்தான் பேசினார்.

"சார், கோச்சுக்காதீங்க. ஓரத்துல எவ்ளோ மெதுவா போவ சொன்னாலும் போறோம். நடுவுல ஒரு ஓட்டம் இருக்குது. அத வேகமா வலிச்சி தாண்டினா தான் நேரா போவும். மெதுவா போனா கீழ இழுத்துக்கினு பூடும். கீழ பாலத்துக் கல்லு கெடக்குது, பாத்தீங்க இல்ல?"

"ஆணையில என்னா போட்டிருக்கு? ஒரே சீரா போகணும்னு போட்டிருக்குதா இல்லியா?"

"போட்டுக்குது சார். ஆறு ஒரே சீரா இல்லியே."

பக்கத்தில் நின்றிருந்த நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. "இந்தா பா, இப்டி எதுத்துப் பேசிக்கினு இருந்தன்னா, அப்புறம் பர்மிட் கிர்மிட்னு எங்கிட்ட வராத" என்றேன். எனக்கு பர்மிட் கொடுக்கிற அதிகாரமும் கிடையாது, மறுக்கிற அதிகாரமும் கிடையாது. அது அவருக்குத் தெரியாது.

அவர் முகம் அப்படியே இறங்கிவிட்டது. ஆற்றை ஒருதரம் பார்த்தார். "சரிங்க சார்" என்றார்.

அதோடு விட்டேனா? அடுத்த நடையில் நானே ஓடத்தில் ஏறினேன். ஏமாற்றாமல் போகிறாரா என்று பார்க்க வேண்டுமாம். முன்பக்கப் பலகையில் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டேன். ஏறக்குறைய இருபது பேர் ஏறினார்கள். கையில் கரும்பு, பொங்கல் தூக்கு, இடுப்பில் குழந்தை. காவலர் கரையிலிருந்து எண்ண ஆரம்பித்தார். சத்தம் தேயத் தேய நான் வாங்கிக்கொண்டு எண்ணினேன்.

ஐம்பது வரை ஓடம் தெப்பம்போலப் போயிற்று. எனக்கு அப்படிச் சந்தோஷம். எழுபதில் ஓடத்தின் மூக்கு லேசாகக் கிழக்கே, ஓட்டம் போகிற பக்கம், திரும்பியது. அவர் கையில் துடுப்பு இறுகுவதைப் பார்த்தேன்.

"சார், உடுங்க சார். வலிச்சிடறேன்."

"மெதுவா" என்றேன்.

"சார்."

"மெதுவா பா, மெதுவா! எண்பத்தி ரெண்டு."

அவர் என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் என் பேச்சைத் தள்ளிவிட்டு வலித்திருக்கலாம். எத்தனையோ தடவை நான் மனசுக்குள் அவரை வலிக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். அவர் வலிக்கவில்லை. பர்மிட் வேண்டும் அவருக்கு.

ஓட்டம் எங்களைப் பிடித்த பிறகு எண்ணவே நேரமில்லை. ஓடம் குறுக்காகத் திரும்பிக் கீழே பாய்ந்தது. அவ்வளவு வேகத்தில் நான் தண்ணீரில் போனதே இல்லை. அப்புறம்தான் அவர் எழுந்து நின்று உயிரைக் கொடுத்து வலித்தார், ஆனால் காரியம் கைமீறிவிட்டது. உடைந்த பாலத்துக் கல்லில் ஓடம் பக்கவாட்டில் மோதிச் சாய்ந்தது. எல்லோரும் தண்ணீரில் விழுந்தோம்.

நல்லவேளை, கல் கிடந்த இடத்தில் மார்பளவுதான் ஆழம். ஆனால் இழுப்பு பயங்கரமாக இருந்தது. அவர் இரண்டு கல்லுக்கு நடுவில் காலை ஊன்றி நின்றுகொண்டு ஒவ்வொருவராகப் பிடித்துக் கல்மேல் ஏற்றினார். குழந்தைகளை முதலில் ஏற்றினார். அடுத்து அவர் கை நீண்டபோது எனக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். நான் கையை நீட்டினேன். என்னைத்தான் முதலில் தூக்கினார். அந்த இருவரில் ஒரு பெண்ணின் கால் ஓடத்துக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டி எலும்பு முறிந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைச் சொல்லித்தான் அன்றைக்கு எல்லோரும் சாமியைக் கும்பிட்டார்கள்.

ஈரச் சட்டையோடு வீட்டுக்கு வந்தேன். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். மனைவி துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நடுக்கத்தில் எல்லாவற்றையும் அவளிடம் உளறிவிட்டேன். அவர் கேட்டது, நான் 'மெதுவா' என்றது, எண்பத்தி ரெண்டு என்றது, கையை நீட்டியது, எல்லாம். உலகத்தில் அந்தக் கதையை முழுதாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் அறிக்கை எழுதச் சொன்னார்கள். அதிகாரி அறைக்கு உள்ளே கூப்பிட்டு, "என்னாய்யா ஆச்சு? நம்ம மேல ஒண்ணும் வராதே?" என்றார். 'நம்ம மேல' என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது, அவ்வளவு ஆறுதலாக இருந்தது. என் வேலை நிரந்தரமாவதற்கான கோப்பு அவர் மேஜையில்தான் இருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, எனக்கே ஞாபகம் இருந்தது.

"வராது சார்" என்றேன்.

ஓடத்தில் வந்தவர்களில் நாலைந்து பேரிடம் வாக்குமூலம் வாங்கினேன். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "யப்பா, அம்மாம் வேகமா போச்சு சார், கண்ண மூடிக்கினோம்." அவர்கள் பொய் சொல்லவில்லை. ஓடம் வேகமாகத்தான் போயிற்று. ஆறு இழுத்த வேகமா, ஆள் வலித்த வேகமா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சொன்னது சொன்னபடி எழுதிக்கொண்டேன்.

கடைசியாக ஆற்றுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன. நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னால் அவரே ஆரம்பித்தார்.

"என் தப்பு தான் சார். இருவது வருசமா அந்த ஓட்டத்த பாக்கறவன் நானு. நீங்க இன்னா சொல்லியிருந்தாலும் வேகமா வலிச்சிருக்கணும். உட்டுட்டேன். பாவம், அந்தம்மா கால் போச்சு."

நான் எழுதினேன்: "தவறு என்னுடையதே என ஒப்புக்கொள்கிறேன்."

மிச்சத்தை எழுதவில்லை. பேனா அந்த இடத்தில் நிற்கக்கூட இல்லை, சரளமாக அடுத்த வரிக்குப் போயிற்று. அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். இருந்தாலும் நானே படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "ஆமாங்க, சொன்னேன்" என்று சொல்லி, அந்த உரிந்த கையால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "அந்த பர்மிட்டு?" என்றார்.

"அதெல்லாம் மேல தான் முடிவு பண்ணுவாங்க" என்றேன்.

என் அறிக்கையில் ஒரு பொய்கூடக் கிடையாது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஓடத்தில் அளவுக்கு மிஞ்சிய வேகம் இருந்ததாகப் பயணிகள் சொன்னார்கள் என்று எழுதினேன், அது நிஜம். உடனிருந்த நான் மெதுவாகச் செல்லும்படி பலமுறை எச்சரித்தேன் என்று எழுதினேன், அதுவும் நிஜம். ஓட்டியவரே தவறை ஒப்புக்கொண்டார், நிஜம். பொய் சொல்லியிருந்தால்கூட எங்கேயாவது இடறி மாட்டிக்கொண்டிருப்பேன், ஒருவேளை அவருக்கு நல்லதாகப் போயிருக்கும். நிஜங்களை எனக்கு வசதியான வரிசையில் அடுக்கினேன், அவ்வளவுதான். அதற்கு என் தமிழ் நன்றாகவே உதவியது.

அன்று மத்தியானம் சாப்பாடு போடும்போது மனைவி கேட்டாள். "நீங்க தான் மெதுவா போவ சொன்னீங்கன்னு எழுதினீங்களா?"

"எழுதியிருக்கேன்."

"அவரு வேணாம்னு சொன்னத?"

"யாராவது கேட்டா சொல்லலாம்னு இருக்கேன்."

"யாரு கேப்பாங்க?" என்றாள். குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. எடுத்திருந்தால் நானும் கத்தியிருப்பேன், சண்டை போட்டு ஓய்ந்திருப்பேன். அவள் எடுக்கவில்லை.

அந்தத் துறையில் ஓடம் விடக்கூடாது என்று ஆற்றுக்காரருக்குத் தடை வந்தது. அதையும் எழுதியது நான்தான், எழுத்தர் வேலை அது. பர்மிட் ஏரிக்காரர்களில் ஒருவருக்குப் போயிற்று. பங்குனியில் எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. அப்பா தெருவுக்கே லட்டு கொடுத்தார். நானும் ஒன்று தின்றேன்.

தரைப்பாலம் அந்த வருஷம் கட்டவில்லை. அடுத்த மழையும் நன்றாகவே பெய்தது, மறுபடியும் தைத் திருவிழாவுக்கு ஓடம் என்று ஆயிற்று. போன வருஷத்து ஆணையையே எடுத்துத் தேதியை மாற்றிப் போடு என்றார் அதிகாரி. நான் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வேகக் கட்டுப்பாடு கரையோரம் இருபதடிக்குள் மட்டும் என்று மாற்றினேன். இருநூறு எண்ணுவதை அடித்தேன். 'ஒரே சீராக' என்பதையும் அடித்தேன். ஏன் என்று யாராவது கேட்பார்கள் என்று பயமாக இருந்தது. கேட்டுவிட மாட்டார்களா என்றும் இருந்தது. அதிகாரி படித்துப் பார்த்து, "இது இன்னும் நல்லா இருக்குய்யா" என்று கையெழுத்துப் போட்டார். என் தப்பு எனக்குத் தெரியும் என்பதற்கு என் கையெழுத்திலேயே ஆதாரம் அந்தக் கோப்பில் இருந்தது. யாரும் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

அந்தத் திருவிழாவில் மேற்பார்வைக்காக நான் அக்கரைக்குப் போக வேண்டியிருந்தது. ஓடம் நிறையக் கூட்டம். ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், ஆற்றுக்காரர் உள்ளே இருந்தார். மனைவியோடு பயணியாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பாதி எழுந்து, "குந்துங்க சார், இங்க ஈரமில்ல" என்று தன் இடத்தைக் கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன். அவர் மனைவி என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள்.

எதிரே ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்தாளு தான் போன வருசம் வேகமா ஓட்டிக் கவுத்தவரு. இன்னிக்கு நல்லவேள, துடுப்பு வேற ஆள் கைல இருக்குது" என்றாள். இரண்டு மூன்று பேர் திரும்பி அவரைப் பார்த்தார்கள். ஒரு குழந்தையை அதன் அப்பா இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஓடம் நடு ஓட்டத்தை நெருங்கியது. ஏரிக்காரருக்கு இன்னும் அந்த இடம் பயம்தான் போலிருக்கிறது, கை தயங்கியது, என்னையும் ஒரு பார்வை பார்த்தார். மூக்கு கிழக்கே லேசாகத் திரும்பியது. ஆற்றுக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"வேகமா வலிபா! பயப்படாத, இப்ப அந்த ரூலு இல்ல." பிறகு என் பக்கம் திரும்பி, நிஜமாகவே சந்தேகம் கேட்பவரைப்போல, "இல்ல தானே சார்?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மாளும் பார்த்தாள்.

"இல்ல" என்றேன்.

ஏரிக்காரர் வலித்தார். ஓடம் ஓட்டத்தைத் தாண்டி நேராக அக்கரைக்குப் போயிற்று. நான் சொல்ல வேண்டியது இன்னும் ஒரே ஒரு வாக்கியம்தான். போன வருஷம் இவரை வலிக்கவிடாமல் செய்தவன் நான். அவ்வளவு சின்ன வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் அந்த ஓடத்தில் இருந்தவர்கள் கரை ஏறி அதை இரண்டு ஊருக்கும் கொண்டுபோயிருப்பார்கள். ஓடம் வேகமாகப் போய்விட்டது, வாயைத் திறப்பதற்குள் கரை வந்துவிட்டது என்று இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படி இல்லை. நேரம் இருந்தது.